பத்து பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளிக்கூடமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிங்க. ஆனால் ஆலயப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் படிச்சிடுங்க.

போன ஞாயிறு செயலவைக் கூட்டத்தில் நம்ம வெள்ளி, சனி இரவு வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒன்பது பிள்ளைக்கு ஒரு மண்டபமா? விளக்கு, காத்தாடி, கரண்ட் பில் எல்லாம் ஆகுது. திருவிழா சாமான் வைக்க இடமில்லாம இருக்கோம்" என்று ஒரு அண்ணன் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கணக்குப் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த "ஒன்பது" என்ற எண் என் மண்டையில் அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று சொல்ல நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கு.

1923இல் பிரிட்டிஷ்காரன் ஒரு தொழிலாளர் சட்டம் கொண்டு வந்தான். அப்போது கூட்டரசு மலாய் மாநிலங்கள் என்று நான்கு: பேராக், சிலாங்கூர், பஹாங், நம்ம நெகிரி செம்பிலான். ஒரு தோட்டத்தில் 7 வயசிலிருந்து 14 வயசுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால், அங்கே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு விதி. சிரம்பான், லாபு, ரந்தாவ், லின்சம், சிலியாவ், போர்ட்டிக்சன், பஹாவ் என்று இன்றைக்கு நாம் பேர் சொல்கிற ஊர்களைச் சுற்றி இருந்த தோட்டப் பள்ளிகள் பல இந்த விதியின் நிழலில் வந்தவைதான். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. ஒன்பது பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடம் தேவையில்லை! துரை கணக்கு அது.

(ஒரு சின்ன இடைச்செருகல். நாம் எல்லாரும் படம் வைத்துக் கும்பிடுகிற சுவாமி சிவானந்தர், துறவியாவதற்கு முன் டாக்டர் குப்புசாமியாக 1913இல் மலாயா வந்து, சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பல வருஷம் வேலை பார்த்தவர். பிறகு ஜொகூர் போய், 1923இல்தான் இந்தியா திரும்பினார். இந்தச் சட்டம் வந்த அதே வருஷம். நம்ம தாத்தா பாட்டிமார் இருந்த லயங்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இப்பவும் உடம்பு சிலிர்க்கும்.)

அந்தத் தோட்டப் பள்ளி எப்படி இருந்தது? பல இடத்தில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். அவரே சில தோட்டத்தில் கிராணிக்கு உதவியாள், சில தோட்டத்தில் கங்காணி, சில தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பால்மரத் தொழிலாளி. பெரிய பிள்ளைகள் காலையில் புல் பிடுங்கவும், அம்மா அப்பாவோடு மங்கு துடைக்கவும் போய்விட்டு அப்புறம்தான் வகுப்புக்கு வருவார்கள். அரசாங்க உதவித் தொகை பெரும்பாலும் வருகைக் கணக்கையும், வந்து பார்க்கிற அதிகாரியின் திருப்தியையும் பொறுத்தது. அதனால் என்ன நடக்கும்? அதிகாரி வருகிற நாளில் எல்லாப் பிள்ளையும் குளித்து, தலைவாரி, விபூதி பூசி வரிசையாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் பாதிப் பேர் காட்டுக்குள்ளே. இது நான் பெரியவங்க வாயால் கேட்டது. புத்தகத்தில் தலை எண்ணிக்கை இருக்கும். எத்தனை பேருக்கு ஒரு கடிதம் படிக்க வரும் என்ற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஆனால் ராத்திரியில் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. அதற்குப் பேர் கிடையாது, பதிவு கிடையாது. மாரியம்மன் கோயில் முன்னால் மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, எழுத்துத் தெரிந்த ஒருவர் மகாபாரதமோ பெரிய எழுத்து நல்லதங்காள் கதையோ சத்தமாகப் படிப்பார். சுற்றி உட்கார்ந்து கேட்பவர்களில் பாதிப்பேர் கைநாட்டு. ஊரிலிருந்து கடுதாசி வந்தால் அங்கேதான் படித்துக் காட்டுவார்கள், பதிலும் அங்கேதான் எழுதுவார்கள். திருவிழா நாடகத்துக்கு வசனம் மனப்பாடம் செய்வதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட வாலிபர்கள் உண்டு. இதை நான் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. எல்லாத் தோட்டத்திலும் இது நடந்தது என்றும் சொல்ல முடியாது. பல தோட்டத்தில் ராத்திரி ஆனால் கூட்டம் கள்ளுக்கடையில்தான். ஆனால் நடந்த இடத்தில் அது நடந்தது கோயில் வாசலில்.

அடுத்து வந்தது உலக மந்தம். 1930இல் ரப்பர் விலை விழுந்தது. 50 காசு நாள் கூலி 40 காசாகி, அதற்கும் கீழே போனது. இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு தோட்டத்தில் 40 குடும்பம் இருந்த இடத்தில் 15 ஆனால், பள்ளியில் பிள்ளை எத்தனை இருக்கும்? மறுபடியும் அந்தப் பத்து என்ற எண். குடும்பம் குறைந்த தோட்டத்தில் பிள்ளைகளுக்கு மிஞ்சியது, யாராவது மனசு வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அதுதான்.

அதைவிடப் பெரிய அடி 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் வந்தபோது. இதை எங்க பாட்டி எனக்குச் சொன்ன விதமே சொல்கிறேன். அவங்களுக்கு அப்போ 12 வயசு. ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டம். துரைமார் ஓடிவிட்டார்கள், பால் வெட்டு இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். தோட்டப் பள்ளி கதவு மூடிக் கிடந்தது. சில ஊர்களில் பிறகு பள்ளி திறந்து ஜப்பான் மொழியும் ஜப்பான் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்திய சுதந்திர சங்கம் சில இடங்களில் வகுப்பு நடத்தி இந்துஸ்தானியும் கற்பித்தது. நேதாஜி 1943இல் வந்த பிறகு அதற்கு இன்னும் வேகம். ஆனால் பாட்டி இருந்த தோட்டத்துக்கு இரண்டுமே எட்டவில்லை.

சியாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தது உங்களுக்குத் தெரியும். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க சுமார் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். பாதிக்கு மேல் திரும்பவில்லை என்றே பல கணக்குகளும் சொல்கின்றன. பாட்டியின் அப்பாவும் பெரட்டுக் களத்திலிருந்து அப்படியே லாரி ஏறிப் போனவர்தான். திரும்பவில்லை.

அந்தக் காலத்தில் கோயிலில் ஒரு பெரியவர். காலில் ஆறாத புண், அதனால்தான் அவரை சியாமுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் கோயில் மணலில் பிள்ளைகளை உட்கார வைத்து விரலால் அ, ஆ எழுத வைத்தார். சிலேட்டு கிடையாது, காகிதம் கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். "சில நாள் நாலு பேரு, சில நாள் நான் மட்டும். பசிக்குதுன்னு படுத்துட்டா யாரு வருவா?" என்றார். நாலு பேர்! நம்ம செயலவையாக இருந்தால் முதல் மாசமே மூடியிருப்போம். 🙂

மூன்று வருஷத்தில் பாட்டி படிக்கக் கற்றுக்கொண்டார். 1945இல் யுத்தம் முடிந்தது. பள்ளி திரும்பத் திறந்தது. "பள்ளிக்கூடம்தான் தெறந்தாச்சே" என்று மணல் வகுப்பு நின்றது. ஆனால் பாட்டிக்கு அப்போது 15 வயசு. அந்த வயசுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை, பால் வெட்டப் போனார்கள். அந்த மூன்று வருஷத்தில் எழுத்தே பார்க்காதவர்கள் கடைசிவரை கைநாட்டாகவே இருந்தார்கள். சம்பள நாளில் கிராணி கணக்கில் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துச் சொல்ல பாட்டியைத்தான் லயத்து ஆட்கள் கூட்டிக்கொண்டு போவார்களாம். மணலில் படித்த ஒரு பெண் பிள்ளை ஒரு லயத்துக்கே கண்ணாக இருந்திருக்கிறார்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. கஷ்டம் வரும்போது வகுப்பு தொடங்க ஆள் வந்துவிடும். மனசு இளகியிருக்கும், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கஷ்டம் முடிந்த பிறகுதான் வகுப்பு சாகிறது. பின்தங்கிய பிள்ளைக்கு அப்போதுதான் அது ரொம்ப வேண்டும்.

அடுத்த வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் அவசரகாலம், முள்வேலி, ஊரடங்கு. ராத்திரி வெளியே விளக்கு வைக்கவே பயம். 1951இல் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதில் ஒரே வகைத் தேசியப் பள்ளி என்றது. 1956இல் ரசாக் அறிக்கை வந்து தமிழ்ப்பள்ளி தேசிய அமைப்புக்குள் இடம்பிடித்தது. சுதந்திரத்தின்போது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. இன்று நாடு முழுக்க 500க்குச் சற்று மேல், நம்ம மாநிலத்தில் சுமார் 60. இடையில் தோட்டத் துண்டாடல். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். 1969இல் வேலை பெர்மிட் பிரச்சனை வந்து, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை வாங்க மலாய் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்ற நிலையில், வயசானவர்கள் ராத்திரி உட்கார்ந்து மலாய் படித்த காலமும் அது. படிப்பு இல்லாமல் போனதன் விலை மார்க்கு மட்டும் இல்லை. சிலருக்கு நாடே போனது.

1980களில் பால்மரம் போய் செம்பனை வந்தது. பிறகு தாமான் வந்தது. தோட்டம் கைமாறியபோது லயம் போனது, ஆயாக் கொட்டகை போனது. பல இடத்தில் கோயில் மட்டும் ஒரு மூலையில் மிஞ்சியது. இந்தக் கட்டத்தில்தான் 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவர் அவர். டியூசனையும் பக்தியையும் சேர்த்தார். பிள்ளைகள் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போனார்கள். பல்கலைக்கழக மாணவர்களே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, சாமியைக் கும்பிட்டால் பாஸ் என்று அவர்கள் சொல்லவில்லை. சாமி முன்னால் உறுதி எடுத்துக்கிட்டுப் போய்ப் படி என்றார்கள். அது நிலைத்ததற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை. பாடத்திட்டம் இருந்தது, பயிற்சித் தாள் இருந்தது, பொறுப்பு யாருக்கு என்பது தெளிவாக இருந்தது. நம்மைப் போன்ற சின்ன ஆலய வகுப்புகளில் இந்த மூன்றும்தான் பெரும்பாலும் இருக்காது. அன்பு நிறைய இருக்கும்.

இப்போ நம்ம கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளி மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. கல்வியமைச்சு அந்த வருஷம் பெற்றோர்களிடம் கேட்டபோது, சுமார் 37 விழுக்காடு மாணவர்களிடம் கைப்பேசி உட்பட எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. நம்ம பக்கம் ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார், மூன்று பிள்ளைகள். கட்டுப்பாடு தளர்ந்த மாசங்களில் இடைவெளி விட்டுப் பாய் போட்டு நம்ம ஆலயத் திண்ணையில் வகுப்பு தொடங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 23 பிள்ளைகள். உபயமாகப் பென்சில், முகக்கவரி, பிஸ்கட் எல்லாம் குவிந்தது. போட்டோ எடுத்து எல்லாரும் பகிர்ந்தோம்.

2022இல் பள்ளி முழுசாகத் திறந்தது. பிள்ளைகள் 11 ஆனார்கள். "பள்ளிதான் திறந்தாச்சே" என்று கூட்டத்தில் பேச்சு. வகுப்பை நிறுத்தலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒரு பையன் அப்போது நாலாம் ஆண்டு. போன வருஷம் படிவம் ஒன்று போய்விட்டான். ஒரு வெள்ளிக்கிழமை அன்னதான உபயப் பலகையில் பேர்களைப் படிக்கச் சொன்னேன். தமிழ் வரவில்லை. பரவாயில்லை என்று பக்கத்திலிருந்த மலாய் அறிவிப்பைப் படிக்கச் சொன்னேன். "கண்ணு வலிக்குது அங்கிள்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பையனுக்கு அந்தப் பொய் சொல்ல எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். முன்பு ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் என்று ஒரு தேர்வு இருந்தது, 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். மறு வருஷம் பிடி3யும் போனது. பள்ளி அளவில் மதிப்பீடு உண்டு. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் "இந்தப் பிள்ளைக்குப் படிக்க வருமா" என்று கேட்பது எஸ்பிஎம் வரை இல்லாமல் போனது. நாமும் கேட்கவில்லை. திண்ணையில் இரண்டு வருஷம் உட்கார வைத்திருந்த நாம் ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேடு மட்டும் ஒழுங்காக இருந்தது, துரை காலத்துப் பள்ளி மாதிரியே.

அந்தப் பையனுக்காகத்தான் வகுப்பை மறுபடி தொடங்கினோம். இந்த முறை கொஞ்சம் விசாரித்துவிட்டுத் தொடங்கினேன். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005இலிருந்து 'அசர்' என்று ஓர் ஆய்வு நடத்துகிறது. தொண்டர்கள் வீட்டுக்கே போய் ஒரே ஒரு தாளைக் காட்டுவார்கள். அதில் எழுத்து, சொல், சின்னப் பத்தி, ஒரு குட்டிக் கதை. பிள்ளை எதுவரை படிக்கிறதோ அதுதான் அதன் நிலை. மார்க்கு இல்லை, ரேங்க் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், வகுப்பு எடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சும்மா புகழ்ந்துவிட்டுப் போகாமல், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கோவிட்டில் பின்தங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாசத்தில் திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது. கவனிங்க, பள்ளி திறந்த பிறகும் நடந்த வகுப்பு. நாம் எதை நிறுத்தினோமோ அதை அவர்கள் தொடர்ந்தார்கள்.

சரி, நம்ம ஒன்பது பேர் என்ன ஆனார்கள்? முதல் நாளே தமிழில் சோதித்து நோட்டில் எழுதி வைத்தேன். நாலு பேருக்கு எழுத்து மட்டும், மூன்று பேருக்குச் சொல், இரண்டு பேருக்குப் பத்தி. ஏழு மாசம் கழித்துப் போன மாசம் மறுபடி பார்த்தோம். ஐந்து பேர் கதை படிக்கிறார்கள், மூன்று பேர் பத்தி. ஒரு பெண் பிள்ளை மட்டும் எழுத்திலிருந்து சொல்லோடு நின்றுவிட்டாள். என்னடா இது என்று பார்த்தால் அவளுக்கு நிஜமாகவே கண் தெரியவில்லை. ஓர் உபயகாரர் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். தலை மட்டும் எண்ணியிருந்தால் அவள் "வந்தாள்" என்று ஒரு கோடு போட்டிருப்போம். அவ்வளவுதான்.

மலாயில் முன்னேற்றம் இவ்வளவு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிக் கொடுக்கச் சரியான ஆள் இல்லை. அறிவியல், கணக்கு நாங்கள் தொடவே இல்லை. நின்றுபோனவர்கள் இரண்டு பேர், அவர்கள் இந்த ஒன்பதில் சேர்த்தி இல்லை. ஒரு வீடு சிரம்பான் டவுனுக்கு மாறிவிட்டது. இன்னொரு வீட்டில் அம்மா இரவு ஷிஃப்ட், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் இருக்கிறாள். தங்கச்சியையும் கூட்டிட்டு வாம்மா என்று சொல்ல நமக்கு அப்போது தோணவில்லை. இந்த வாரம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சாமான் வைக்கும் பிரச்சனைக்கு என் யோசனை: தேர்ச் சாமான்களைப் பின்பக்க அறையில் அலமாரி அடித்து வைக்கலாம். அலமாரிக்கு இரண்டு அண்ணன்மார் பலகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு எடுக்கும் இரண்டு தங்கச்சிகளுக்கு மாதம் பெட்ரோல் காசாவது ஆலயம் கொடுக்க வேண்டும். ஒருத்தி பஹாவிலிருந்து மோட்டாரில் வருகிறாள். இதையும் கூட்டத்தில் கேட்கப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நோட்டு ஆலய அலுவலகத்தில் மணி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பேர் எழுதவில்லை, எண் மட்டும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கேள்வி கேட்ட அந்த அண்ணன்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வகுப்பு வெள்ளி பூஜை முடிந்து 8 மணிக்கு, சனி 7.30க்கு. பாய் இரண்டு கிழிந்திருக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கிற பாய் இருந்தால் கொண்டு வாங்க. மலாய் சொல்லிக் கொடுக்கக்கூடிய யாராவது இருந்தால் எனக்கு வாட்சாப் பண்ணுங்க.